திக்கால்: மாயா நகரம் பார்க்கப் போகிறவர்களுக்குப் பயனுள்ள குறிப்புகள்

குவாத்தமாலாவின் வடக்கே, பெத்தேன் காட்டுக்குள் இருக்கிறது திக்கால். மாயா மக்கள் எழுப்பிய பெருநகரங்களில் ஒன்று. இங்குள்ள நடுகற்களில் தேதி பொறித்தவற்றுள் பழையது கி.பி. 292ஐச் சேர்ந்தது, கடைசிக் கல் 869. அதன் பிறகு ஊர் காலியானது, காடு மூடிக்கொண்டது. 1955இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1979இல் பண்பாடு, இயற்கை இரண்டுக்கும் சேர்த்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தது. பூங்காவின் பரப்பு 576 சதுர கிலோமீட்டர். கோயில் பார்க்கத்தானே போகிறோம் என்று கிளம்புகிறவர்கள் காட்டுக்கான ஏற்பாட்டை மறந்துவிட்டு, மதியத்துக்குள் களைத்துப் போகிறார்கள். கீழே உள்ள குறிப்புகளில் பாதிக்கு மேல் அந்தக் களைப்பைத் தவிர்க்கத்தான்.

1. முதலில் முடிவு செய்ய வேண்டியது தேதி அல்ல, தங்குமிடம். பூங்காவுக்கு உள்ளேயே ஒரு ராத்திரி தங்குங்கள். ஜங்கிள் லாட்ஜ், ஜாகுவார் இன், திக்கால் இன் என்று மூன்று விடுதிகள் இடிபாடுகளுக்கு நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. பூங்காவுக்கு வெளியே ஊரில் தங்குவதைவிடச் செலவு கூடும், அறைகள் அந்தப் பணத்துக்கு ஏற்றபடி இருக்காது. ஆனாலும் தங்குங்கள். வெளியூர்ப் பேருந்துகள் வந்து சேரும் முன் காலை நேரமும், அவை திரும்பிப் போன பின் மாலை நேரமும் உங்களுக்குக் கிடைக்கும். திக்காலில் பார்க்கத் தகுந்த நேரம் அந்த இரண்டும்தான். நடுப்பகலில் வெயிலும் கூட்டமும்தான் மிச்சம். அறைகள் குறைவு என்பதால் டிசம்பர் விடுமுறைக்கும் ஈஸ்டர் வாரத்துக்கும் பல மாதம் முன்பே பதிவு செய்துவிட வேண்டும்.

2. மழை இல்லாத காலம் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. அதில் மார்ச், ஏப்ரல் கொளுத்தும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை விடியற்காலையில் லேசான ஸ்வெட்டர் தேவைப்படும், பனிமூட்டமும் இருக்கும். மழைக்காலத்தில் போனாலும் நஷ்டமில்லை. பெரும்பாலும் பிற்பகலில்தான் கொட்டும், காடு பச்சையாக இருக்கும், கூட்டம் குறைவு. ஆனால் கல்படிகள் வழுக்கும்.

3. பூங்காவுக்கு அருகிலுள்ள ஊர் ஃபுளோரெஸ். பெத்தேன் இட்சா ஏரியில் ஒரு சிறு தீவு. கரையில் சாந்தா எலேனா, அதை ஒட்டி விமான நிலையம். தலைநகர் குவாத்தமாலா சிட்டியிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம். பேருந்து என்றால் ஒரு முழு இரவு. ஃபுளோரெஸிலிருந்து திக்காலுக்குச் சாலை வழி சுமார் 65 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பெலிஸ் நாட்டின் சான் இக்னாசியோவில் இருப்பவர்கள் மெல்ச்சோர் தெ மென்கோஸ் எல்லை வழியாகவும் வரலாம். வாடகைக் காரில் வருவதானால், எல்லை தாண்ட அனுமதி உண்டா என்று கார் எடுக்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

4. இந்தியப் பாஸ்போர்ட்டில் போகிறவர்கள் கவனிக்க: அமெரிக்க விமான நிலையத்தில் வெறுமனே விமானம் மாறுவதற்கும் அமெரிக்க விசா வேண்டும். மலிவாக இருக்கிறதே என்று மியாமி, ஹூஸ்டன் வழி டிக்கெட்டைப் பதிவு செய்துவிட்டு அப்புறம் விசாவைப் பற்றி யோசிப்பது தலைகீழ் வேலை. குவாத்தமாலா விசா விதிகளையும் தூதரகத்திடமே கேட்டுவிடுங்கள்.

5. இடிபாடுகளுக்கு 17 கிலோமீட்டர் முன்பே பூங்காவின் வாயில் வந்துவிடும். நுழைவுச் சீட்டுக்குப் பாஸ்போர்ட் கேட்பார்கள், அதைப் பெட்டியின் அடியில் வைக்காதீர்கள். வெளிநாட்டவருக்குக் கட்டணம் 150 கெட்சால் என்ற அளவில் இருந்துவருகிறது, கிளம்பும் முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பூங்காவுக்குள் ஏடிஎம் கிடையாது. சாந்தா எலேனாவிலேயே பணம் எடுத்து, சின்ன நோட்டாக மாற்றி வைத்துக்கொள்வது நல்லது.

6. குவாத்தமாலாவில் மின்சாரம் 120 வோல்ட், பிளக் தட்டையான இரண்டு முனை. கைபேசி சார்ஜர், கேமரா சார்ஜர் எல்லாம் பொதுவாக 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், அடாப்டர் மட்டும் போதும். நம் ஊர் மின்கெட்டிலைக் கொண்டுபோக வேண்டாம். 230 வோல்ட்டுக்குச் செய்தது அங்கே கால் பங்கு சக்தியோடுதான் வேலை செய்யும், ஒரு டம்ளர் வெந்நீருக்குத் தவம் கிடக்க வேண்டும். காட்டுக்குள் இருக்கும் விடுதிகளில் இருபத்து நான்கு மணி நேர மின்சாரத்தை நம்ப முடியாது. ஒரு பவர்பேங்க், ஒரு சின்ன டார்ச் அவசியம்.

7. உடை: வெளிர் நிறத்தில் முழுக்கைச் சட்டை, தளர்ந்த பருத்தி பேன்ட். பேன்ட்டின் ஓரத்தைக் காலுறைக்குள் செருகிவிட்டால் உண்ணி ஏறாது. அப்படியே ஏறினாலும் வெளிர் துணியில் கண்ணுக்குத் தெரியும். டெங்கு உள்ள பகுதி என்பதால் கொசு விரட்டி கட்டாயம். முதலில் வெயில் களிம்பு, அது காய்ந்த பிறகு கொசு விரட்டி என்ற வரிசையை மாற்றாதீர்கள். கழுத்துக்கு ஒரு ஈரிழைத் துண்டு போதும். வியர்வை துடைக்க, நனைத்துப் போட்டுக்கொள்ள, உட்காரும் கல்லின் மேல் விரிக்க எல்லாவற்றுக்கும் ஆகும், அரை மணியில் காய்ந்தும்விடும்.

8. தண்ணீரை ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் சுமந்து செல்லுங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம், பல் தேய்க்கவும் பாட்டில் தண்ணீரே பாதுகாப்பு. ஓ.ஆர்.எஸ். பொடி நாலைந்து பொட்டலம் பையில் கிடக்கட்டும். இங்கே தண்ணீர்ப் பிரச்சினை நமக்கு மட்டும் வந்ததல்ல. திக்காலில் ஆறு இல்லை. அவ்வளவு பெரிய நகரம் மழைநீரை மட்டும் நம்பி வாழ்ந்தது. சதுக்கங்களைச் சரிவாகத் தளம் போட்டு, வழிந்தோடும் நீரைக் குளங்களில் சேர்த்தார்கள். கொரியென்தால் என்ற நீர்த்தேக்கத்தில் ஜியோலைட் கனிமத்தையும் படிக மணலையும் கொண்டு தண்ணீரை வடிகட்டியிருக்கிறார்கள் என்று 2020இல் சின்சினாட்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு, அரண்மனைக்கு அருகிலிருந்த குளங்களில் பாதரசமும் நச்சுப்பாசியும் கலந்திருந்ததைக் காட்டியது. கோயில்களுக்கு நடுவே காய்ந்த பள்ளம் எதையாவது பார்த்தால், குப்பை மேடு என்று நினைத்துத் தாண்டிவிடாமல் நின்று பாருங்கள். ஊரை வாழவைத்ததும் கைவிட்டதும் அதுவாக இருக்கலாம்.

9. சாப்பாடு பெரும்பாலும் சோளத் தோர்த்தியா, கறுப்பு பீன்ஸ், முட்டை, வறுத்த நேந்திரம்பழம். சைவர்கள் "சின் கார்னே" என்றால் இறைச்சி வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள். ஆனால் மசித்த பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் தாளிக்கும் வழக்கம் உண்டு, அதற்கு "சின் மான்தேகா" என்று தனியாகச் சொல்ல வேண்டும். காலை ஐந்தரைக்குச் சிற்றுண்டி கிடைக்காது. கடலை மிட்டாய், வறுத்த அவல், முந்திரி என்று கையில் ஏதாவது இருந்தால் பத்து மணி வரை ஓட்டிவிடலாம்.

10. எந்த வரிசையில் பார்ப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நுழைந்ததும் எல்லோரும் பெரிய சதுக்கத்துக்குத்தான் ஓடுவார்கள். நீங்கள் அதைத் தாண்டி, மேற்குக் கோடியில் இருக்கும் நான்காம் கோயிலுக்கு முதலில் போங்கள். சுமார் 65 மீட்டர் உயரம், திக்காலிலேயே உயரமானது, கி.பி. 741 வாக்கில் யிக்கின் சான் கவீல் என்ற அரசன் எழுப்பியது. பக்கவாட்டில் மரப்படி போட்டிருக்கிறார்கள். மேலே கிழக்குப் பார்த்து உட்கார்ந்தால் மரக் கூட்டத்துக்கு மேல் மற்றக் கோயில்களின் முகடுகள் மட்டும் தெரியும். 1977இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில் வேற்றுக்கோளாகக் காட்டியது இந்தக் காட்சியைத்தான்.

இறங்கி, வரும் வழியில் முந்தோ பெர்திதோ என்ற பகுதிக்கு வாருங்கள். சூரியன் உதிக்கும் திசை மாறுவதைக் கவனிக்க அமைத்த மேடைகள் இங்கே இருக்கின்றன. திக்காலின் மிகப் பழைய கட்டுமானங்கள் இந்தப் பக்கம்தான், ஆனால் ஆள் நடமாட்டம் குறைவு. அவசரமாக நடந்து போய்விடாதீர்கள். வெயில் ஏறும்போது விடுதிக்குத் திரும்பிக் குளித்து, சாப்பிட்டு, படுத்து எழுந்து, மூன்று மணிக்கு மேல் பெரிய சதுக்கத்துக்கு வாருங்கள். அன்றைய சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், திரும்ப நுழையும்போது காட்ட வேண்டியிருக்கும்.

ஏன் மாலையில் என்றால், அந்தச் சதுக்கத்தில் இருக்கும் முதலாம் கோயில் மேற்குப் பார்த்தது. காலையில் முகம் நிழலில் கிடக்கும், படம் எடுத்தால் கறுப்பாக வரும். மாலை வெயிலில்தான் அதன் படிக்கட்டும் மேல்முகப்பும் துலங்கும். எதிரே இருக்கும் இரண்டாம் கோயிலில் மரப்படி வழியாக ஏறி அங்கிருந்து பார்ப்பது உத்தமம். முதலாம் கோயிலின் அடியில் ஹசாவ் சான் கவீலைப் புதைத்திருந்தார்கள். 695இல் பரம எதிரியான கலாக்முல் நாட்டை வென்று, நொடித்துப் போயிருந்த திக்காலைத் தூக்கி நிறுத்திய அரசன். பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகக் குழுவினர் 1960களில் பச்சைக்கல் அணிகளோடு அவன் கல்லறையைக் கண்டெடுத்தார்கள்.

11. முதலாம் கோயிலில் ஏறக் கூடாது. செங்குத்தான படியிலிருந்து விழுந்து உயிர்ப்பலி நேர்ந்த பிறகு மூடிவிட்டார்கள். கல்லுக்கும் நம்மிடமிருந்து பாதுகாப்பு தேவைப்படுகிறது. 2012 டிசம்பரில், மாயா நாட்காட்டிப்படி உலகம் முடிகிறது என்று கிளம்பிய பரபரப்பில் ஆயிரக்கணக்கானோர் இங்கே கூடினார்கள். உலகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, இரண்டாம் கோயிலின் கற்கள்தான் சேதமாயின.

12. விடியலுக்கு முன் நுழையத் தனிக் கட்டணமும் வழிகாட்டியும் உண்டு. என் கணக்கு வேறு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சூரியன் உதிப்பதே ஆறு மணிக்கு மேல்தான், பனிமூட்டம் விலக அதற்குப் பிறகும் நேரம் ஆகும். பூங்கா ஆறு மணிக்குத் திறக்கிறது. உள்ளே தங்கியிருப்பவர் சாதாரணச் சீட்டில் போனாலே மூட்டம் கலைவதைப் பார்த்துவிடலாம். கூடுதல் பணத்தை நல்ல வழிகாட்டிக்குக் கொடுங்கள்.

13. வழிகாட்டி வேண்டுமா என்று கேட்டால், அரை நாளுக்காவது வேண்டும். அரசு அடையாள அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். கல்லைப் பற்றி மட்டும் பேசுகிறவரைவிட, பறவையின் குரல் கேட்டதும் பேச்சை நிறுத்துகிறவர் நல்ல வழிகாட்டி. துக்கான், காட்டு வான்கோழி, சிலந்திக் குரங்கு எல்லாம் அவர் கண்ணில்தான் முதலில் படும்.

14. நள்ளிரவில் பயங்கர உறுமல் கேட்டால் ஜாகுவார் என்று பயந்து கதவைத் தாளிட வேண்டாம். ஊளைக் குரங்கு. உருவம் சிறியது, குரல் சில கிலோமீட்டர் தூரம் கேட்கும். ஜாகுவார் உண்டு, ஆனால் கண்ணில் படுவது அபூர்வம். உண்மையில் கவனமாக இருக்க வேண்டியது கோவாத்தி என்ற நீள்மூக்குப் பிராணியிடம். வாலைத் தூக்கிக்கொண்டு கூட்டமாக வரும், பழனி மலைக் குரங்குகளைப் போல உங்கள் பையைத்தான் பார்க்கும். தின்பண்டத்தை இறுக்க மூடி வையுங்கள், எதையும் ஊட்டாதீர்கள். குளத்தருகே முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தால் அது அலங்காரத்துக்கு வைத்ததல்ல.

15. வழியில் நிமிர்ந்தும் பாருங்கள். நுழையும் பாதையில் நிற்கும் மாபெரும் இலவ மரம் மாயா மக்களுக்குப் புனித மரம், நம் தலையணைக்குப் பஞ்சு கொடுக்கும் அதே இனம். நாம் சாப்பிடும் சப்போட்டாவுக்கும் இந்தப் பக்கம்தான் தாயகம். அதன் பாலிலிருந்துதான் ஒரு காலத்தில் சூயிங்கம் செய்தார்கள். கோயில் வாசல்களின் உத்தரங்கள் சப்போட்டா மரம், ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் கழித்தும் உளுத்துப் போகவில்லை. நான்காம் கோயிலின் செதுக்கிய உத்தரங்களைப் பார்க்க மட்டும் சுவிட்சர்லாந்தின் பேசல் நகருக்குப் போக வேண்டும், 1870களில் கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். பெயர் தெரியாத மரத்தைக் கையால் தொடாதீர்கள், தோலைக் கொப்புளிக்க வைக்கும் சாறுள்ள மரங்களும் இந்தக் காட்டில் உண்டு.

16. சதுக்கத்தில் வட்ட மேடையைச் சுற்றி மெழுகுவத்தியும் தூபமும் எரிந்தால், அது சுற்றுலாவுக்காக நடத்தும் காட்சி அல்ல. மாயா மக்கள் இன்றும் குவாத்தமாலாவில் வாழ்கிறார்கள், இருபதுக்கும் மேற்பட்ட மாயா மொழிகளைப் பேசுகிறார்கள், தங்கள் மூதாதையர் இடத்தில் வழிபடுகிறார்கள். தள்ளி நில்லுங்கள். படம் எடுக்க வேண்டுமானால் கேட்டுவிட்டு எடுங்கள்.

17. முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறாமலே பாதி திக்காலை ரசிக்கலாம். பெரிய சதுக்கம், வட அக்ரோபோலிஸ், இரட்டைப் பிரமிடுகள் எல்லாம் தரையிலேயே. எல்லாம் சேர்ந்தால் நடை பத்து கிலோமீட்டரைத் தொடும் என்பதால், பெரியவர்களோடு வந்தால் இரண்டு நாளாகப் பிரியுங்கள். கழிப்பறைகள் தூரம் தூரமாக இருக்கின்றன, வரைபடத்தில் முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

18. மறுநாள் கையில் இருந்தால் யாஷ்ஹா போங்கள், ஏரிக்கரையில் இருக்கும் இன்னொரு மாயா நகரம். மாலையில் போவது நல்லது. வடக்கே 23 கிலோமீட்டரில் வாஷாக்தூன், சாலை மோசம்.

19. ஈரமான ஷூவை வெயிலில் வைத்தால் வெடிக்கும், அறைக்குள் வைத்தால் காட்டு ஈரத்தில் காயவே காயாது. உள்ளே செய்தித்தாளைக் கசக்கி அடைத்து, இரண்டு மணிக்கு ஒரு தடவை மாற்றுங்கள். ஊரிலிருந்து புறப்படும்போதே பழைய தினசரி நான்கை மடித்துப் பெட்டியின் அடியில் போட்டுவிடுங்கள்.