வயிற்றையும் வரை

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ வரைந்து அனுப்பிய மீன்கள் எல்லாம் பக்கவாட்டில்தான் கிடக்கின்றன. கோடு சுத்தம், நிறமும் பிசகவில்லை. ஆனால் உளுவையின் அடிவயிற்றை வரையாவிட்டால் பாதி மீன்தான் தாளில் இருக்கிறது. அடுத்த முறை கையை நனைத்துக்கொண்டு எடு. சின்னக் கண்ணாடிப் பெட்டியில் விட்டுக் கீழிருந்து பார். வயிற்றுத் துடுப்புகள் இரண்டும் இணைந்து கிண்ணம்போல் குழிந்திருக்கும். பாறையில் ஒட்டுவது அதனால்தான். தனித்தனியாக நின்றால் அநேகமாக அது வேறு குடும்பம். நாக்கையும் விடாதே. இங்கே மட்டக்களப்பு வாவியில் வலைக்கு வரும் பெரிய உளுவைக்கு, 1822-இல் ஹாமில்டன் கங்கை மீன்களோடு விவரித்த அதே இனத்துக்கு, நாக்கு நுனி பிளந்திருக்கும்.

கெமராவுக்குக் காசு சேர்க்கிறாயாம். அது பிறகு ஆகட்டும், முதலில் ஆறுகள் உள்ள வரைபடம் ஒன்று வாங்கு. உன் மடுல்சீமை மலைத் தண்ணீரில் ஒரு பங்கு பட்டிப்பளை ஆறாக, அதாவது கல் ஓயாவாக, கல்முனைக்குத் தெற்கே கடலில் விழுகிறது. இடையில் 1949-இல் வேலை தொடங்கிய இங்கினியாகல அணை நிற்கிறது.

மலையோடை உளுவைகளில் சில, கல்லுக்கடியில் முட்டையிடும். பொரிந்த குஞ்சு ஆற்றோடு கடலுக்குப் போய், மாதக்கணக்கில் வளர்ந்து, மறுபடி ஆறேறும். ஹவாயில் ஓர் இனம் சுமார் 130 மீட்டர் உயர அகாக்கா அருவியையே ஏறிவிடுகிறது. அருவி ஏறும் மீனுக்கு அணை பெரிதா என்று கேட்பாய். ஏறுவதற்கு நீர் வழியும் பாறை வேண்டும். காய்ந்த சுவரில் எதை நம்பி ஒட்டுவது? கீழே போக வேண்டிய குஞ்சுக்கும் தேங்கிய நீரில் ஓட்டம் கிடைக்காது. பெரிய உளுவைக்கு இந்தத் தொல்லை இல்லை, குளத்திலேயே பெருகிவிடும்.

உதடு சிவந்த ஜோன்க்லாஸ் உளுவையைத் தேடி உன் மலையில் அலையாதே. சுழியோடி ரொட்னி ஜோன்க்லாஸின் பெயரை 1972-இல் பெற்ற அது, தென்மேற்கு ஈரவலயத்துத் தெளிந்த ஓடைகளுக்கு உரியது. அங்கே போய் வரைந்தால் ஓடையின் பெயரைப் படத்தில் போடாதே. தொட்டி மீன் பிடிப்பவர்கள் படத்தைவிட முகவரியைத்தான் கவனமாகப் படிப்பார்கள்.

உன் தோட்டத்து ஓடையில் ஒன்றும் அகப்படாத நாளையும் எழுதிவை: திகதி, இடம், தண்ணீர் தெளிவா கலங்கலா, உளுவை இல்லை. அணைக்கு மேலே எது இருக்கிறது, எது இல்லை என்று அந்த மலையில் வாழ்கிறவர்தான் ஆண்டு முழுவதும் பார்க்க முடியும். அடுத்த கடிதத்தோடு அந்தப் பக்கங்களையும் அனுப்பு.

அன்புடன்,
மட்டக்களப்பு அண்ணன்