இடப்பெயரிலிருந்து குடும்பப்பெயர்: ‘வாஷிங்டன்’ என்னும் பெயரின் தோற்றமும் பரவலும்

ஆய்வுச் சுருக்கம்

குடும்பப்பெயர் குருதி உறவின் சான்றாகப் பெரும்பாலும் கொள்ளப்படுகிறது. ‘வாஷிங்டன்’ என்னும் ஆங்கிலக் குடும்பப்பெயர் வட இங்கிலாந்தின் ஊர்ப்பெயராகத் தோன்றி, நில உடைமையால் ஒரு குடும்பத்திற்கு உரியதாகி, அமெரிக்காவில் பெரிதும் கறுப்பின மக்களின் பெயராக நிலைபெற்றது. நில உரிமை, மரபுரிமை, தன்தெரிவு என்னும் மூன்று வழிகளில் அப்பெயர் பரவிய வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பெயராய்வு, இடப்பெயர், குடும்பப்பெயர், புலம்பெயர்வு, அடிமைமுறை, தன்பெயரிடல்.

1. முன்னுரை

ஆங்கிலக் குடும்பப்பெயர்களை இடவழிப் பெயர், தொழில்வழிப் பெயர், தந்தைவழிப் பெயர், பட்டப்பெயர் என நால்வகைப்படுத்துவது பெயராய்வாளர் வழக்கம். இவ்வகைப்பாடு ஒரு பெயர் எவ்வாறு பிறந்தது என்பதை விளக்கும்; யாரிடம், எவ்வாறு சென்று சேர்ந்தது என்பதை விளக்காது. தமிழில் ‘பெயர்’ என்பது பெயர்ச்சொல்லாக நாமத்தையும், வினையடியாக இடம் மாறுதலையும் குறிக்கும். ஒரு குடும்பப்பெயரின் வரலாற்றை எழுத இவ்விரு பொருளும் தேவைப்படுகின்றன.

2. ஊர்ப்பெயரும் அதன் பொருளும்

வாஷிங்டன் என்னும் ஊர் வடகிழக்கு இங்கிலாந்தில், முன்பு டர்ஹம் மாவட்டத்திற்கு உட்பட்டிருந்த பகுதியில் அமைந்துள்ளது. பெயரின் முற்பகுதியில் ஒரு பழைய ஆங்கில ஆட்பெயர் அமைந்துள்ளது எனவும், அது ‘வாசா’ அல்லது அதனையொத்த வடிவம் எனவும் அறிஞர் கருதுவர். இடையிலுள்ள ‘இங்’ அவ்வாளோடு தொடர்புடைமையையும், ஈற்றிலுள்ள ‘டன்’ (பழைய வடிவம் ‘தூன்’) குடியிருப்பையும் பண்ணையையும் சுட்டும். எனவே ‘வாசாவைச் சார்ந்தோரின் குடியிருப்பு’ என்பது இதன் பொருளாகும். வெஸ்ட் சசெக்ஸ் மாவட்டத்திலும் இதே பெயருடைய ஊர் ஒன்று உண்டு. ஆகவே இப்பெயரைத் தாங்கிய ஆங்கிலேயர் அனைவரும் ஓரூரினர் எனக் கொள்ளுதல் பொருந்தாது.

3. நிலமும் பெயரும்

டர்ஹம் ஆயரின் ஆணையால் 1183இல் தொகுக்கப்பட்ட போல்டன் ஏடு, வில்லியம் டி ஹெர்ட்பர்ன் என்பவர் ஹெர்ட்பர்ன் ஊருக்கு மாற்றாக வாஷிங்டனைப் பெற்றிருந்ததைப் பதிவு செய்கிறது. ‘டி ஹெர்ட்பர்ன்’ என்பதற்கு ‘ஹெர்ட்பர்ன் ஊரைச் சார்ந்தவர்’ என்பது பொருள். நிலம் மாறியதும் பெயரும் மாறியது. புதிய ஊரின் பெயரே குடும்பத்திற்கு வழங்கலாயிற்று. கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார் என்னும் சங்கப் புலவர் பெயர்களில் ஊர் உரிமை பெயரடையாக அமைவதை இதனோடு ஒப்பிடலாம். எனினும், ‘கிழார்’ பெயர் வழித்தோன்றல்களின் குடும்பப்பெயராக இறுகவில்லை, ‘வாஷிங்டன்’ இறுகியது. ஊரை விட்டு அகன்ற பின்னும் குடும்பம் ஊர்ப்பெயரைச் சுமந்து சென்றதே இதற்குச் சான்று.

இக்குடும்பத்தின் கிளை ஒன்று லங்காஷயரின் வார்ட்டன் ஊரில் நிலைபெற்றது. அக்கிளையில் வந்த கம்பளி வணிகர் லாரன்ஸ் வாஷிங்டன், எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்த காலத்தில், மடத்திற்கு உரியதாயிருந்த சல்கிரேவ் நிலத்தை 1539இல் அரசிடமிருந்து வாங்கினார். இங்குப் பெயர் மாறவில்லை. முன்னர் நிலத்தைப் பின்பற்றிய பெயர் இப்போது குடும்பத்தைப் பின்பற்றலாயிற்று.

4. கடல் கடந்த பெயர்

சல்கிரேவ் லாரன்சின் கொள்ளுப்பேரரும் அதே பெயருடையவருமான சமயகுரு, உள்நாட்டுப் போரின்போது 1643இல் பர்லீ திருச்சபைப் பணியிலிருந்து நீக்கப்பட்டார். அவர் மகன் ஜான் வாஷிங்டன் 1650களின் பிற்பகுதியில் வர்ஜீனியாவை அடைந்து நிலக்கிழாரானார். ஜானின் கொள்ளுப்பேரரே அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவரான ஜார்ஜ் வாஷிங்டன் (1732-1799). இவருக்குப் பெற்ற மக்கள் இல்லை. எனினும் இப்பெயர் பெருகியது. அப்பெருக்கத்தைக் குருதி வழியால் மட்டும் விளக்கவியலாது.

5. பெயரும் விடுதலையும்

ஜார்ஜ் வாஷிங்டன் மறைந்தபோது அவரது மவுண்ட் வெர்னன் பண்ணையில் 317 பேர் அடிமைகளாக இருந்தனர். பண்ணைக் கணக்கேடுகள் இத்தகையோரைப் பெரிதும் ஒற்றைப் பெயராலேயே குறித்தன. அப்பண்ணையிலிருந்து 1776இல் தப்பிப் பிரித்தானியரிடம் சேர்ந்த ஹாரி, 1783இல் நியூயார்க்கிலிருந்து கப்பலேறியோரின் பதிவேட்டில் ‘ஹாரி வாஷிங்டன்’ எனக் காணப்படுகிறார். நோவா ஸ்கோஷியா சென்ற அவர் 1792இல் சியரா லியோன் அடைந்தார். ஆப்பிரிக்காவில் பிறந்த அவர் ஓர் ஆங்கில ஊரின் பெயரோடு ஆப்பிரிக்கா திரும்பினார்.

புக்கர் டி. வாஷிங்டனின் (1856-1915) சான்று வேறு வகையினது. பள்ளியில் பிற மாணவர்க்கு இரண்டு பெயர்கள் இருந்ததைக் கண்டு, ஆசிரியர் வினவியபோது ‘புக்கர் வாஷிங்டன்’ என்று தாமே கூறியதை அவர் தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். அவருடைய மாற்றாந்தந்தையின் பெயர் வாஷிங்டன் பெர்குசன். அங்கே ‘வாஷிங்டன்’ குடும்பப்பெயரன்று, இயற்பெயரே. ஆகவே விடுதலை பெற்றோரின் பெயர்கள் யாவும் உரிமையாளர் விட்டுச்சென்ற முத்திரைகள் என்னும் கருத்து ஏற்கத்தக்கதன்று.

2000ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இப்பெயருடையோர் 1,63,036 பேர். அவர்களுள் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். இவ்வெண்ணிக்கை பெயரின் பரவலைக் காட்டுமேயன்றி, ஒவ்வொருவரும் அதனைப் பெற்ற வழியைக் காட்டாது. அதற்குத் தனியாள் சான்றுகளே துணைபுரியும்.

6. முடிவுரை

‘வாஷிங்டன்’ வில்லியத்திற்கு நில உரிமை, ஜானுக்கு மரபுரிமை, புக்கருக்குத் தன்தெரிவு. சென்னையில் பிறந்த கிரிக்கெட் வீரர் வாஷிங்டன் சுந்தருக்கு, தமக்கு உதவிய முன்னாள் இராணுவ வீரர் ஒருவரின் நினைவாகத் தந்தை சூட்டிய நன்றிக்கடன். ஒரே சொல் நான்கு உறவுகளைச் சுட்டுவதால், பெயரொற்றுமையை மட்டும் கொண்டு குருதி உறவையோ, முன்னைய உடைமை உறவையோ முடிவு செய்தல் தகாது. அவ்வாறு முடிவு செய்வது, கணக்கேட்டில் ஒற்றைப் பெயராய் நின்றவர் தமக்கென ஒரு முழுப்பெயரைத் தெரிந்துகொண்ட செயலை வரலாற்றிலிருந்து நீக்குவதாகும். பெயராய்வு, சொற்பிறப்போடு நில்லாமல், பெயர் ஏற்கப்பட்ட சூழலையும் ஆராய வேண்டும் என்பதே இவ்வாய்வின் முடிபாகும்.