தேடுபொறியிடம் கேட்கும் முறை

கைப்பேசியில் கூகிளைத் திறந்து 'தொப்பூர்' என்று மட்டும் இட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கணவாய்ச் சாலையில் நேர்ந்த விபத்துச் செய்திகளே வரிசையாக வந்து நிற்கும். கேட்டவர் அணையின் நீர்மட்டத்தை அறிய விரும்பியிருக்கலாம். பேருந்து நேரத்தை விரும்பியிருக்கலாம். அவர் மனத்தில் உள்ளதைப் பொறி அறியாது.

1998-ல் லாரி பேஜ், செர்கே பிரின் என்னும் இருவர் கூகிளைத் தொடங்கியபோது, ஒரு பக்கத்தைப் பிற பக்கங்கள் எவ்வளவு சுட்டுகின்றன என்பதைக் கொண்டு அதன் தகுதியை மதிப்பிட்டனர். இன்று அதனோடு வேறு பல அளவைகளும் சேர்ந்துள்ளன. எனினும், முதலில் வருவது மெய்யானது என்பதற்கு அது பிணை நிற்பதில்லை. விளம்பரமாக மேலே வருவன பணம் கொடுத்து இடம் பிடித்தவை.

இதனால் விளைந்த நட்டத்தை அங்கத்தினர் ஒருவர் வயலிலேயே கண்டோம். அவரது குச்சிக்கிழங்குச் செடிகளில் நுனிக்குருத்து சுருண்டு, கணுக்கள் நெருங்கி, மாவு படிந்தாற்போல் இருந்தது. 'செடியில் வெள்ளைப் பூச்சி மருந்து' என்று அவர் தேடினார். முதலில் வந்த விளம்பரத்தில் கண்ட மருந்தை வாங்கி இருமுறை அடித்தார். பணம் போயிற்று, பூச்சி போகவில்லை.

பின்னர்ச் சங்க அலுவலகத்தில் அமர்ந்து, அவரும் நாமுமாகத் தேடினோம். நாம் குச்சிக்கிழங்கு என்பதை வேளாண் அறிஞர் மரவள்ளி என்று எழுதுகின்றனர். ஆங்கிலப் பக்கங்களிலோ கசாவா, டாப்பியோக்கா என இரு பெயர்கள். 'மரவள்ளி மாவுப்பூச்சி' என்று இட்டவுடன் பயனுள்ள பக்கங்கள் வந்தன. ஆயின் அங்கும் ஒரு சிக்கல். அவற்றுள் சில, 2008-ல் கோவையில் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சியைப் பற்றியவை. அது மரவள்ளியையும் தாக்கும். உடல் மஞ்சள் நிறம். நம் அங்கத்தினர் வயலில் இருந்தது வெளிறிய இளஞ்சிவப்பு. அது 2020-ல் கேரளத்தில் கண்டறியப்பட்டு, பின் நம் பக்கத்திற்கும் பரவிய வேறு பூச்சி.

அதன் அறிவியற் பெயரான 'பினகாக்கஸ் மனிஹோட்டி' என்பதை ஆங்கில எழுத்தில் இட்டு, 'கருவிகள்' என்னும் பகுதியில் காலத்தையும் குறுக்கிய பின்னரே விடை கிடைத்தது. ஆப்பிரிக்காவில் 1980-களில் இப்பூச்சியை அடக்கியது 'அனகைரஸ் லோபெசி' என்னும் சின்னஞ்சிறு குளவி. பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகத்தார் அதனைப் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்துப் பெருக்கினர். 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் அது வெளியிடப்பட்டது. கடும் மருந்து அடித்தால் இக்குளவியும் மடியும். இரண்டு முறை அடித்ததில் என்ன மடிந்ததோ என்று அங்கத்தினர் கேட்டார். நம்மிடம் மறுமொழி இல்லை.

இப்பொழுது செயற்கை அறிவு தொகுத்த சுருக்கம் ஒன்றும் முடிவுகளின் மேல் வருகிறது. வழி காட்ட அது உதவும். மருந்தின் அளவை மட்டும் அதில் கண்டவாறே கொள்ளாது, மூலப் பக்கத்தைத் திறந்து பயிரின் பெயரையும் ஆண்டையும் பார்த்தல் வேண்டும்.

அரசுத் தளங்களில் மட்டும் தேட எளிய வழி உண்டு. கேள்விக்குப் பின் ஓர் இடம் விட்டு, ஆங்கிலத்தில் 'சைட்' என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளியின்றி 'ஜிஓவி.இன்' என்று சேர்க்க. பல்கலைக்கழகங்களுக்கு 'ஏசி.இன்'. சொற்றொடர் ஒன்று அப்படியே வேண்டுமாயின் இரட்டை மேற்கோளுக்குள் இடுக.

நெசவாளர்களுக்குத் தமிழே ஒரு தொல்லை தருகிறது! 'நூல் விலை' என்று கேட்டால் புத்தக விலையும் கலந்து வரும்; பொறிக்கு இரண்டும் நூல்தான். 'பருத்தி நூல் 40 நம்பர் விலை' என விரித்துக் கேட்க. அப்பொழுதும் புத்தகம் வந்தால், இறுதியில் ஒரு கழித்தற்குறி இட்டு, அதனை ஒட்டியே 'புத்தகம்' என்று எழுதுக. அச்சொல் உள்ள பக்கங்கள் விலக்கப்படும்.

இனி, பணம் பற்றியது. வங்கியின் உதவி எண்ணைத் தேடுபொறியில் தேடவே வேண்டா. மோசக்காரர் தம் எண்ணை வங்கியின் எண் போலப் பதிந்து வைக்கின்றனர். அழைத்தவரிடம் இரகசிய எண்ணைக் கேட்டுக் கணக்கைத் துடைத்துவிடுகின்றனர். பணம் எடுக்கும் அட்டையின் பின்புறத்தில் உள்ள எண்ணையே அழைக்க. ஏமாந்தது தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்னும் எண்ணுக்குச் சொல்லுக. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுமுன் சொன்னால்தான் அதனை நிறுத்தி வைக்க இயலும்.