திரும்பி வரும் நேரம்

ஹைதராபாத் சனத்நகரில் விடிகாலையில் ஓட இறங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளைகுட்டிக்காரர்கள். பாலாநகர் பட்டறையில் முதல் ஷிஃப்ட் பிடிக்க வேண்டியவர் இருப்பார், எர்ரகட்டாவில் கடை திறக்க வேண்டியவர் இருப்பார். பயிற்சியாளர் கிடையாது, ஸ்பான்சர் கிடையாது. எட்டு மணிக்குள் பள்ளி வேன் வாசலில் வந்து ஹாரன் அடிக்கும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். சேலத்திலிருந்து டூல் ரூம் வேலைக்காக வந்தவன், இங்கேயே குடும்பமாகிவிட்டேன். நாற்பதைத் தாண்டியாயிற்று. வருடத்துக்கு ஒரு மாரத்தான். மற்ற நாட்களெல்லாம் அதற்கான பயிற்சி.

காலனியில் புதிதாக ஓடத் தொடங்குகிறவர்கள் என்னிடம் வந்து, "அன்னா, எந்த ஷூ வாங்கலாம், எந்த வாட்ச் கட்டலாம்?" என்று தெலுங்கில் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: எத்தனை மணிக்குத் திரும்பி வருவதாக வீட்டில் சொல்லியிருக்கிறீர்கள்?

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் என் மனைவி. "நீங்க ஓடுங்க, நான் வேண்டாம்னு சொல்லலைங்க. எத்தனை மணிக்கு வருவீங்கன்னு மட்டும் சரியாச் சொல்லிட்டுப் போங்க. அதை வெச்சுத்தான் நான் அடுப்பைப் பத்த வைக்கணும்" என்றாள். குடும்பஸ்தனின் விளையாட்டு நிலைப்பதற்கான சூத்திரம் அந்த ஒரு பேச்சில் இருக்கிறது. நாம் எத்தனை மணிக்கு எழுந்து போகிறோம் என்பது வீட்டில் யாரையும் பாதிப்பதில்லை. எல்லாரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். திரும்பி வரும் நேரத்தில்தான் வீடே நிற்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற குழாய்த் தண்ணீரைப் பிடிக்க வேண்டும், சின்னவனை எழுப்பிக் குளிப்பாட்ட வேண்டும், டிபன் டப்பா மூட வேண்டும். ஆறரை என்று சொல்லிவிட்டு ஏழுக்கு வருகிறவன், அந்த அரை மணி நேரத்தை இன்னொருவரின் முதுகில் ஏற்றிவிட்டுத்தான் வருகிறான்.

திரும்பும் நேரம் உறுதியாகிவிட்டால் பயிற்சியின் கணக்கே மாறும். கிலோமீட்டரை வைத்து ஓடாதீர்கள், நிமிடத்தை வைத்து ஓடுங்கள். "இன்று எட்டு கிலோமீட்டர்" என்று கிளம்பினால், கால் கனமாக இருக்கும் நாளில் தாமதமாகும்; தாமதத்தைச் சரிக்கட்ட வேகத்தைக் கூட்டுவோம்; அதில்தான் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். "இன்று நாற்பத்தைந்து நிமிடம்" என்று கிளம்பினால் உடம்பு தன் வேகத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். இருபத்திரண்டாவது நிமிடத்தில் எங்கே நிற்கிறோமோ அங்கிருந்து திரும்ப வேண்டியதுதான். வாரத்தில் மூன்று நாள் இப்படிக் குறுகிய ஓட்டம், அதில் ஒரு நாள் மட்டும் வேகம். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். மாரத்தானை முழுதாக முடிக்க நினைக்கிற, வேலைக்குப் போகிற மனிதனுக்கு இது போதும் என்பது என் அனுபவம்.

போதுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு நான் யூகி கவாவுச்சியின் கதையைச் சொல்வேன். ஜப்பானில் சைதாமா மாகாணத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி அலுவலகத்தில் முழுநேர ஊழியராக இருந்தவர். தொழில்முறை ஓட்டக்காரர்கள் காலையும் மாலையும் பயிற்சி செய்ய, இவர் வேலைக்குப் போகும் முன் ஒருவேளை மட்டும் ஓடினார். 2018ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் கொட்டும் மழையிலும் குளிர்ந்த எதிர்க்காற்றிலும் பேர்பெற்ற வீரர்கள் பலர் பாதியில் விலக, 2 மணி 15 நிமிடம் 58 விநாடியில் முதலாவதாக வந்தார். அவருடைய வேகம் நமக்கு வராது. கிடைக்கும் ஒருவேளையை முழுசாகப் பயன்படுத்தினால் போதும் என்ற அவருடைய வழி நமக்கும் பொருந்தும்.

அடுத்தது, இதைப் பற்றி ஆண்கள் பேசிக்கொள்வதே இல்லை என்பதால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். நம் ஊர்களில் மாரத்தான் ஓடும் கணவன்மார் பெரும்பாலோருக்கு அந்தக் காலைப்பொழுதைக் கொடுப்பவள் வீட்டில் இருக்கும் பெண். அது அவளுடைய நேரம். வாங்கிய நேரத்தை நேரமாகவே திருப்பித் தர வேண்டும். பட்டுப்புடவையாகவோ ஹோட்டல் சாப்பாடாகவோ தந்தால் கணக்கு நேராகாது. எங்கள் வீட்டில் செவ்வாயும் வியாழனும் என் மனைவியின் காலைகள். அவள் தோழிகளோடு யோகா வகுப்புக்குப் போவாள், சில நாள் சும்மா நடந்துவிட்டு வருவாள். எங்கே போனாள் என்று நான் கேட்பதில்லை. அந்த இரண்டு நாளும் தோசையும் தக்காளிச் சட்னியும் என் பொறுப்பு. மகளுக்கு இரட்டைச் சடை போடுவதும் என் வேலைதான். சடை பாதி இறங்கியதும் ரிப்பனை நடுவில் மடித்து முடியோடு சேர்த்துப் பின்ன வேண்டும், நுனியை மேலே மடித்துக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் இடைவேளைக்கே அவிழ்ந்துவிடும். இரண்டு சடையும் ஒரே உயரத்தில் வர ஒரு மாதமாவது கை பழக வேண்டும். ஓடும் அப்பாக்கள் எல்லாரும் இதைப் பழகிக்கொள்ள வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன். மனைவியின் காலை அவளுக்கு உறுதியாகக் கிடைக்கும் வீட்டில், கணவனின் ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி முணுமுணுப்பு எழாது.

வீட்டுக்கு அருகிலேயே ஓடுங்கள் என்று நான் சொல்வதற்கும் காரணம் வீட்டாரின் நேரம்தான். நெக்லஸ் ரோடும் கேபிஆர் பூங்காவும் அழகானவை, சந்தேகமில்லை. ஆனால் போய்வர ஆகும் நேரத்தில் ஓடியே முடித்துவிடலாம். நான் வாரநாட்களில் காலனித் தெருக்களையே சின்ன வட்டமாகச் சுற்றுகிறேன். ஒவ்வொரு சுற்றிலும் எங்கள் வாசல் வரும். கூப்பிட்டால் சில நிமிடத்தில் வீட்டில் இருப்பேன். தொழிற்பேட்டைச் சாலைகளில் லாரிகள் இரவு சரக்கை இறக்கிவிட்டு விடிகாலையில்தான் கிளம்பும். ஓட்டுநர் கண்ணில் தூக்கம் இருக்கும். அங்கே ஓடத்தான் வேண்டுமென்றால் எதிரே வரும் வண்டியைப் பார்க்கும்படி சாலையின் வலப்பக்கம் ஓடுங்கள், ஒளி பிரதிபலிக்கும் பட்டை மாட்டுங்கள், காதில் பாட்டு வேண்டாம். நாய்கள் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி, முதுகைக் காட்டாமல் மெதுவாக நடந்து விலகுங்கள்.

காற்றின் விஷயத்தில் சனத்நகர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைமையகமான பர்யாவரண் பவன் எங்கள் தொழிற்பேட்டையில்தான் இருக்கிறது. மத்திய வாரியத்தின் 'சமீர்' செயலியைத் திறந்தால், ஹைதராபாத் பட்டியலில் சனத்நகர் தனி இடமாக வரும். ஓடுகிறவர்கள் அதைப் பார்க்கப் பழக வேண்டும். அமர்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுக்கிறோம். வேகமாக ஓடும்போது அது பத்து மடங்கு ஆகிவிடும், அதுவும் பெரும்பாலும் வாய் வழியாக. கெட்ட காற்றில் ஓடுவது, ஓடாமல் இருப்பதைவிட நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

அந்தச் செயலி காட்டும் காற்றுத் தரக் குறியீட்டு எண்ணைப் படிக்கவும் ஒரு முறை இருக்கிறது. அது முந்தைய 24 மணி நேரத்தின் சராசரி. இந்த நிமிடத்தின் நிலவரம் வேண்டுமானால் மணிக்கு மணி வரும் பிஎம் 2.5 நுண்துகள் அளவைப் பார்க்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் விடிகாலைக் காற்று சுத்தமாக இருக்கும் என்று நம்புவது தவறு. குளிர்ந்த காற்று தரையோடு படிந்து, மேலே இருக்கும் வெப்பக் காற்று மூடி போட்டதுபோல் நிற்பதால், புகையும் தூசும் அடியிலேயே தங்கிவிடும். வெயில் ஏறித் தரை சூடானால்தான் கலையும். அதனால் குளிர்கால ஞாயிறுகளில் நான் எட்டு மணிக்குப் பிறகுதான் கிளம்புவேன். எண் 100க்குள் இருந்தால் திட்டப்படி ஓட்டம். 200 வரை மெதுவான ஓட்டம் மட்டும், வேகம் கிடையாது. 200ஐத் தாண்டினால் வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்குவது, உட்கார்ந்து எழுவது, கெண்டைக்கால் பயிற்சி. ஆஸ்துமா உள்ளவர்கள் இதைவிடக் கறாராக இருக்க வேண்டும்.

ஹைதராபாத் மாரத்தான் ஆகஸ்டில் வருகிறது. அதனால் அதற்கான பயிற்சி மே மாதக் கோடையில் தொடங்குகிறது. நீண்ட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்த்திருக்கிறது என்று பொருள். வியர்வையில் உப்பும் போகும். வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைசுற்றல் முதல் வலிப்பு வரை கொண்டுபோய்விடும். உலக சுகாதார நிறுவன அளவில் செய்த ஓஆர்எஸ் பாக்கெட், 20.5 கிராம், ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தது: இதுதான் மலிவான, சரியான பானம். அந்தப் பெயரை ஒட்டிக்கொண்டு விற்ற சர்க்கரைத் தண்ணீர் பெட்டிகளுக்கு எதிராக இந்த ஊர்க் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடினார்; 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரை அப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. ஒரு தாயாகவும் மருத்துவராகவும் அவர் செய்த காரியத்துக்கு ஓடுகிறவர்களும் கடமைப்பட்டிருக்கிறோம். ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் உப்புக் கரைசல் குடிக்க வேண்டும்.

நெக்லஸ் ரோட்டில் தொடங்கிக் கச்சிபௌலி மைதானத்தில் முடியும் ஹைதராபாத் மாரத்தான் பாதை முழுக்க மேம்பாலமும் ஏற்றமும்தான். ஜூபிலி ஹில்ஸ் பக்கம் ஏற ஆரம்பித்தால் சமதரையில் மட்டும் பழகிய கால் கெஞ்சும். மாதத்தில் இரண்டு ஞாயிறு போரபண்டா பக்கம் ஏறும் தெருக்களில் ஓடிப் பழகுங்கள். ஏற்றத்தில் அடியைச் சின்னதாக்குங்கள். உண்மையில் தொடையைப் பிய்த்தெடுப்பது இறக்கம்தான். அங்கே குதிகாலைக் குத்தி ஓடாமல், காலடியை உடம்புக்கு நேர் கீழே வையுங்கள்.

ஜூன், ஜூலையில் வீட்டுக் காலண்டர் பயிற்சித் திட்டத்தை ஒரு கை பார்க்கும். பள்ளி திறக்கும், நோட்டுக்கு அட்டை போட வேண்டும். ஆஷாட மாதம் பிறந்ததும் பல்கம்பேட்டை எல்லம்மா கல்யாணம், போனாலுத் திருவிழா என்று அந்தப் பக்கம் சாலைகளை அடைத்துவிடுவார்கள். எங்கள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் அந்த வாரம் மருத்துவமனை வரிசையில் கழியும். நைட் ஷிஃப்ட் வாரத்தில் தூக்கமே பயிற்சி. இதற்கெல்லாம் ஒரே விதி: தவறிய ஓட்டத்தை மறுநாள் சேர்த்து ஓடாதீர்கள். விட்டது விட்டதுதான். ஒரு வாரம் ஓடாவிட்டால் மூச்சுத்திறன் பெரிதாக ஒன்றும் குறைந்துவிடாது. தூக்கம் கெட்ட உடம்போடு இரண்டு நாள் பாக்கியை ஒரே நாளில் தீர்க்கப் போகிறவர்தான் ஆறு வாரம் காலில் கட்டோடு உட்காருகிறார்.

சாப்பாட்டுக்குத் தனிச் சமையல் வேண்டாம். எர்ரகட்டா ரைத்து பஜாரில் வாங்கிய கீரை, பருப்பு, முட்டை, ராகி, ஜொன்ன (சோள) ரொட்டி என்று வீட்டில் எல்லாரும் தின்பதையே கொஞ்சம் கூடுதலாகத் தின்றால் போதும். ஷூ 500 முதல் 800 கிலோமீட்டர் உழைக்கும். அந்தச் செலவை மாத பட்ஜெட்டில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

நாற்பதைத் தாண்டியவர்கள் மாரத்தானுக்குப் பெயர் கொடுக்கும் முன் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்து, மருத்துவர் சொன்னால் இதயத்துக்கான டிரெட்மில் சோதனையும் எடுத்துவிட வேண்டும். ஓடும்போது நெஞ்சில் பாரம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, வழக்கமில்லாத மூச்சுத்திணறல் வந்தால் அந்த இடத்திலேயே நில்லுங்கள். "இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே" என்று நினைக்கும் உரிமை பிள்ளைகளுள்ள மனிதனுக்கு இல்லை.

பிள்ளைகளை ஓடச் சொல்லி வற்புறுத்தியதில்லை. சின்னவன் சில ஞாயிறுகளில் சைக்கிளில் கூட வருவான், தண்ணீர் பாட்டில் அவன் கூடையில் இருக்கும். சலித்தால் திரும்பிவிடுவான். மகளுக்கு ஓட்டத்தில் ஈடுபாடே இல்லை, அவளுக்குச் சதுரங்கம். அவளுடைய போட்டி நாளில் என் நீண்ட ஓட்டம் ரத்து. கேள்வியே இல்லை.

போட்டி நாளன்று குடும்பத்தை விடிகாலையில் எழுப்பி வெயிலில் நிறுத்தாதீர்கள். அவர்களாக ஆசைப்பட்டு வந்தால், எத்தனை மணிக்குள் முடிப்பீர்கள் என்று அரை மணி நேரம் கூட்டியே சொல்லுங்கள். மறுநாள் திங்கட்கிழமைக்கு விடுப்பை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். படி இறங்கக் கால் வராது, மெஷினில் நிற்பது ஆபத்து. அடுத்த ஆண்டுப் போட்டிக்குப் பணம் கட்டும் முன், பள்ளித் தேர்வுத் தேதிகள், ஊர்த் திருவிழா, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் எல்லாவற்றையும் காலண்டரில் குறித்துவிட்டு, மனைவியோடு உட்கார்ந்து போட்டிக்கு முந்தைய பதினாறு ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணிப் பாருங்கள். அவற்றில் குறைந்தது பன்னிரண்டு காலியாக இருந்தால் பெயர் கொடுங்கள். இல்லாவிட்டால் அந்த ஆண்டு அரை மாரத்தான் ஓடுங்கள்.