மின்னணுச் சந்தையும் ஊராட்சிக் கணக்கும்

ஊராட்சி ஒன்று தெருவிளக்குகள் வாங்குவதாகக் கொள்வோம். வாங்கப்படும் பொருள் ஒன்றேயாயினும் அதற்குரிய பதிவுகள் இரண்டாகும். யாரிடம், என்ன விலைக்கு வாங்கப்பட்டது என்பது கொள்முதல் பதிவு. எத்திட்டத்தின்கீழ், எந்நிதியிலிருந்து பணம் வழங்கப்பட்டது என்பது கணக்குப் பதிவு. இவை தனித்தனியே எழுதப்படும்வரை இவற்றிடையே முரண்பாடு தோன்ற வாய்ப்புண்டு. அதன் சுமையைத் தாங்குபவர், பணத்திற்காகக் காத்திருக்கும் சிறு விற்பனையாளரே ஆவார்.

இரு தளங்கள்

அரசு மின்னணுச் சந்தை 2016 ஆகஸ்டு 9ஆம் நாள் தொடங்கப்பட்டது. நெடுங்காலம் மத்தியக் கொள்முதலைக் கவனித்துவந்த வழங்கல், அகற்றல் தலைமை இயக்குநரகம் 2017 அக்டோபர் 31இல் மூடப்பட்டது. 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின் 149ஆம் விதி, இச்சந்தையில் கிடைக்கும் பொருள்களையும் சேவைகளையும் மத்திய அமைச்சகங்களும் துறைகளும் அதன் வழியாகவே வாங்க வேண்டுமெனக் கட்டாயமாக்கியது.

ஊராட்சிகளின் திட்டமிடலுக்கும் கணக்கிற்குமான இ-கிராம் ஸ்வராஜ் தளம் 2020 ஏப்ரல் 24இல் தொடங்கப்பட்டது. சந்தையையும் இத்தளத்தையும் இணைக்கும் ஏற்பாட்டைப் பிரதமர் 2023 ஏப்ரல் 24இல், தேசிய ஊராட்சி நாளன்று, மத்தியப் பிரதேசத்தின் ரீவாவில் தொடங்கிவைத்தார். நாட்டில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் ஊராட்சிகள் உள்ளன என்பதை நோக்க, இவ்விணைப்பின் பரப்பு விளங்கும்.

இணைப்பின் இலக்கணம்

ஒரே கடவுச்சொல்லைக் கொண்டு ஒரு தளத்திலிருந்து மற்றொன்றிற்குச் செல்ல வகைசெய்வது, இணைப்பின் முதற்படி மட்டுமே. ஒவ்வொரு விவரமும் ஒரே இடத்தில் தோன்றி, மற்ற இடங்களுக்கு மாறாமல் சென்று சேர்வதே முழுமையான இணைப்பாகும். விலை, விற்பனையாளர், பொருள் பெறப்பட்ட நாள் ஆகியவற்றிற்குச் சந்தையே மூலம். திட்டம், நிதித் தலைப்பு, இருப்புத் தொகை ஆகியவற்றிற்குக் கணக்குத் தளமே மூலம். மூலத்தில் மட்டுமே திருத்தம் அனுமதிக்கப்படல் வேண்டும்.

இதன்படி, ஆணை இடுமுன் நிதி இருப்பைக் கணக்குத் தளம் உறுதி செய்து, அத்தொகையை ஒதுக்கி வைத்தல் வேண்டும். ஆணைக்குச் சந்தை தரும் எண்ணே பட்டியலிலும் பணம் வழங்கும் குறிப்பிலும் இடம்பெறல் வேண்டும். பணம் சென்றடைந்த செய்தி சந்தைக்குத் திரும்பி வந்தாலன்றி அக்கொள்முதல் முடிவுற்றதாகக் கருதலாகாது.

நடைமுறையில் தொடர்பு இடையிலே அறுபடுதல் இயல்பு. பதில் வராத பட்டியல் மீண்டும் அனுப்பப்படும். தனி எண் இல்லையேல் ஒரே பட்டியலுக்கு இருமுறை பணம் செல்லக்கூடும். எண் இருப்பின் இரண்டாவது செய்தியைத் தளமே விலக்கிவிடும். நூறு விளக்குகளில் எண்பது மட்டுமே ஏற்கப்பட்டால், எஞ்சிய இருபதிற்கான ஒதுக்கீடு விடுவிக்கப்படவும் வேண்டும்.

ஏற்பு நாளின் முதன்மை

2006ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கான தொகையை ஒப்பந்தம் செய்துகொண்ட காலத்திற்குள் வழங்க வேண்டும். அக்காலம் பொருளை ஏற்ற நாளிலிருந்து 45 நாள்களை மிஞ்சலாகாது. மிஞ்சினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும். பொருள் வந்த 15 நாள்களுக்குள் எழுத்து மூலம் மறுப்புத் தெரிவிக்கப்படாவிடின், பொருள் வந்த நாளே ஏற்பு நாளாகக் கொள்ளப்படும்.

எனவே ஏற்பு நாள் வெறும் தேதியன்று. உரிமை தொடங்கும் நாளாகும். இரு தளங்களிலும் அது வெவ்வேறாக இருப்பின் தாமதத்தை அளக்கவும் இயலாது; அதற்குப் பொறுப்பானவரைச் சுட்டவும் இயலாது.

எல்லை

நிதி வராத இடத்தில் நிதியை வரவழைக்க இணைப்பால் இயலாது. பொருளைச் சரிபார்த்து ஏற்புச் சான்று வழங்கும் கடமையையும் அது அலுவலரிடமிருந்து நீக்கிவிடாது. எவ்விடத்தில், எத்தனை நாள், யாரிடம் பட்டியல் தங்கியது என்பதை அது வெளிப்படுத்தும். அவ்விவரத்தை மாதந்தோறும் ஆராய்ந்து, தேங்கியவற்றைத் தீர்க்கும் நிர்வாகத்தின் கையில்தான் இணைப்பின் பயன் உள்ளது.