ட்ரஸ் போடுகிறவரின் காகிதங்களைப் படிப்பது எப்படி?

காரக்கோணம்

அன்புள்ள மக்களே,

டெரஸ் ஒழுகுகிறது, இடவப்பாதி மழை பிடிப்பதற்குள் இரும்பு ட்ரஸ் போட்டு ஷீட் அடித்துவிட வேண்டும் என்று உன் அம்மா அவசரப்படுகிறாள். தமிழ்நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து அளந்துவிட்டும் போயிருக்கிறார். சதுர அடி ரேட் மற்றவர்களைவிடக் குறைவு, ஆனால் பாதிப் பணத்தை முன்கூட்டியே கேட்கிறார். ஷார்ஜாவிலிருந்து நீ பணம் அனுப்புவதற்கு முன் இதைப் பொறுமையாகப் படி.

கூரை வேலைக்கென்று தனி லைசென்ஸ் நம் நாட்டில் கிடையாது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் கூரை கான்ட்ராக்டர்களுக்கு சி-39 என்று ஒரு பிரிவே உண்டு. நான்கு வருட வேலை அனுபவத்தைக் காட்டித் தேர்வு எழுத வேண்டும், 25,000 டாலருக்குப் பத்திரம் கட்ட வேண்டும். வீட்டுக்காரர் அந்த லைசென்ஸ் எண்ணை மாநில வாரியத்தின் இணையதளத்தில் போட்டால் ஆளின் முழு விவரமும் வந்துவிடும். இங்கே வெல்டிங் செட்டும் ஒரு பிக்கப் வண்டியும் இருந்தால் எவரும் ட்ரஸ் கான்ட்ராக்டர்தான். ஆகவே அவர் நீட்டும் ஒவ்வொரு காகிதமும் எதற்குச் சாட்சி, எதற்குச் சாட்சி அல்ல என்பதை நீதான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அசோகச் சின்னத்தோடும் கியூஆர் கோடோடும் வரும், சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான உத்யம் சான்றிதழைப் பார்த்துப் பலர் மயங்கிவிடுகிறார்கள். 2020 ஜூலை முதல் தேதியிலிருந்து நடப்பில் உள்ள அந்தப் பதிவு, தொழில் நடத்துகிறவர் தன்னைப் பற்றித் தானே சொல்லும் விவரத்தை வைத்துத் தரப்படுவது. கட்டணம் இல்லை. யாரும் வந்து வேலையைப் பார்ப்பதும் இல்லை. பொதுப்பணித்துறையின் ஏ, பி, சி, டி வகுப்பு லைசென்ஸ் இதைவிட மேல்தான், ஆனால் அது அரசு வேலைகளுக்கு டெண்டர் போடுவதற்கானது. ரோடு போட்டவருக்கும் அது இருக்கும்.

ஜி.எஸ்.டி. எண் இருந்தால் அதில் நிறையப் படிக்கலாம். மொத்தம் 15 எழுத்துகள். முதல் இரண்டும் மாநிலம்: கேரளத்துக்கு 32, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அவருடைய பான் எண். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணைத் தட்டினால் சட்டப்படியான பெயர், கடைப் பெயர், பதிவு செய்த தேதி, பதிவு உயிரோடு இருக்கிறதா ரத்தாகிவிட்டதா என்பதெல்லாம் வரும். விசிட்டிங் கார்டில் ‘இருபது வருட அனுபவம்’ என்று இருந்து, பதிவு போன வருடத்தது என்றால் காரணம் கேள். 33-இல் தொடங்கும் எண் என்பதற்காக ஆளைத் தள்ளிவிடாதே. 1956 நவம்பர் முதல் தேதி மாநில எல்லை பிரிந்தபோது விளவங்கோடு அந்தப் பக்கமும் நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமும் ஆனது, வேலைக்காரர்கள் என்றைக்கும் இரண்டு பக்கமும்தான் போய்வருகிறார்கள். ஆனால் 33 எண்காரர் காரக்கோணத்தில் வேலை செய்து பில் போட்டால் அதில் மாநிலங்களுக்கு இடையேயான ஐ.ஜி.எஸ்.டி. என்று இருக்க வேண்டும். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் சிறு கான்ட்ராக்டருக்கு ஜி.எஸ்.டி. பதிவே கட்டாயம் இல்லை. எண் இல்லாதது குற்றமல்ல. எண் இல்லாமல் ஜி.எஸ்.டி. வசூலிப்பதுதான் குற்றம்.

கைவேலைக்கு உண்மையில் சாட்சி சொல்லும் காகிதம் ஒன்று உண்டு, அதை யாரும் கேட்பதில்லை. ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு, முடித்தவர்களுக்குத் தேசியச் சான்றிதழ் கிடைக்கும். பக்கத்துத் தனுவச்சபுரத்திலேயே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. கான்ட்ராக்டர் படித்திருக்க வேண்டியதில்லை, மேலே ஏறி வெல்டு வைக்கிறவர் படித்தவரா என்று கேள். அப்புறம் அவருடைய வொர்க்‌ஷாப் எங்கே, அதற்குப் பஞ்சாயத்து லைசென்ஸ் உண்டா என்று கேள். நாளைக்கு ஒழுகினால் தேடிப் போக ஓர் இடம் வேண்டாமா?

இதையெல்லாம்விட இந்த மாமா நம்புவது அவர் போட்ட பழைய கூரைகளைத்தான். மூன்று மழைக்காலம் தாண்டிய மூன்று வீடுகளின் விலாசம் வாங்கு. போன மாதம் முடித்த வேலையின் போட்டோ வேண்டாம், புது ஷீட் எல்லாமே பளபளப்பாகத்தான் இருக்கும். பழைய கூரையில் பார்க்க வேண்டியவை சின்னச் சின்ன இடங்கள். ஸ்க்ரூவின் கீழே இருக்கும் கறுப்பு ரப்பர் வாஷர் அளவுக்கு மீறி முறுக்கப்பட்டுப் பிதுங்கி வெடித்திருக்கிறதா? வெல்டு வைத்த இடத்தில் பைப்பின் துத்தநாகப் பூச்சு கருகிப் போயிருக்கும், அதைத் தேய்த்துப் பிரைமர் அடித்தார்களா, இல்லை, துரு கோடாக வழிகிறதா? ட்ரஸின் கால் கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட்டால் பிடிக்கப்பட்டிருக்கிறதா, கைப்பிடிச் சுவர்மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறதா?

கடைசிக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளாதே. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது பக்கத்துக் கன்னியாகுமரி மாவட்டத்தில் மரங்களும் மின்கம்பங்களும் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. காற்று கூரையைக் கீழே அழுத்துவதைவிட மேலே உறிஞ்சித் தூக்குவதுதான் அதிகம். கட்டடங்களின் காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875, மூன்றாம் பகுதி. அதில் திருவனந்தபுரத்துக்குக் குறித்திருக்கும் அடிப்படை வேகம் விநாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். அந்த வேகத்துக்குத் தாங்குமா என்று கேட்டால் நல்ல கான்ட்ராக்டர் போல்ட்டின் அளவையும் கால்களுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் சொல்வார். ‘அதெல்லாம் நிற்கும் அண்ணா’ என்பது பதில் ஆகாது.

ரேட் குறைவதன் ரகசியம் பெரும்பாலும் கனத்தில் இருக்கிறது. 50 மில்லிமீட்டர் சதுரப் பைப்பு 2 மில்லிமீட்டர் கனம் என்றால் 6 மீட்டர் நீளம் சுமார் 18 கிலோ நிற்கும், 1.6 என்றால் பதினாலரைக் கிலோதான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தராசு காட்டிக்கொடுத்துவிடும், அதனால் ஹார்டுவேர் கடையின் எடைச் சீட்டையும் பில்லையும் உன் அம்மா பெயருக்கே வாங்கச் சொல். ஷீட்டிலும் இதே கதை: அரை மில்லிமீட்டர் என்பது பெயின்டும் பூச்சும் சேர்த்தா, வெறும் இரும்பு மட்டுமா என்று எழுதி வாங்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருக்கும் லைசென்ஸ் எண்ணை பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டால் கம்பெனியின் பெயர் வரும்.

எல்லாம் சரியாக இருந்தால் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுது. பைப்பின் கனம், ஷீட்டின் கம்பெனி, மழைநீர்ப் பாத்தி வைப்பது யார் செலவு, முடிக்கும் தேதி, எத்தனை வருட உத்தரவாதம் என எல்லாம் அதில் வரட்டும். ஷீட்டுக்குக் கம்பெனி தரும் வாரண்டி வேறு, ஒழுகாது என்று கான்ட்ராக்டர் தரும் உத்தரவாதம் வேறு. பாதிப் பணம் முன்னால் வேண்டாம். பொருள் வாசலில் இறங்கியதும் ஒரு பங்கு, ட்ரஸ் நின்றதும் ஒரு பங்கு, ஷீட் அடித்ததும் ஒரு பங்கு, கொஞ்சம் முதல் பெருமழைக்குப் பிறகு. பணம் வங்கி வழியே போகட்டும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கான்ட்ராக்டர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் புகார் கொடுப்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கையில் ஒப்பந்தமும் வங்கி ரசீதும் இல்லாமல் திருவனந்தபுரத்து நுகர்வோர் ஆணையம் வரைக்கும் போய் என்ன பயன்?

டெரஸுக்கு மேலே ஷீட் போடும் உயரத்துக்குக் கட்டட விதிகளில் வரம்பு உண்டு. குன்னத்துக்கால் பஞ்சாயத்து அலுவலகத்தில் விசாரித்துவிட்டுத் தொடங்கட்டும்.

இன்னொன்று. அவர் கூட்டிவரும் பையன்கள் யாராக இருந்தாலும் நம் வீட்டு மேலே நிற்கிறவர்கள். விபத்து இன்சூரன்ஸ் பாலிசியின் நகலையும் கயிறு, பெல்ட் இருக்கிறதா என்பதையும் கண்ணால் பார்க்காமல் ஏற விடக்கூடாது. கிழக்குப் பக்கம் மின்கம்பி தாழ்வாகப் போகிறது, ஆறு மீட்டர் இரும்புப் பைப்பை அந்த வழியாகத் தூக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். பைப்பு ஏற்றும் நாளில் லைனை நிறுத்தித் தரும்படி மின்வாரியச் செக்‌ஷன் ஆபீஸில் மாமா எழுதிக் கொடுக்கிறேன். நீ அந்த ஆளிடம் ஜி.எஸ்.டி. எண்ணையும் மூன்று வீட்டு விலாசங்களையும் கேட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டதும் உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரைக்கும் அட்வான்ஸ் அனுப்பாதே.

அன்புடன்,
மாமா