இருமலுக்குக் கைமருந்து: பயனும் எல்லையும்

சளியோடு வரும் இருமலும் தொண்டைவலியும் பெரும்பாலும் வைரஸ் தொற்றால் ஏற்படுபவை. தொண்டைவலி ஏறத்தாழ ஒரு வாரத்திலும், இருமல் இரண்டு மூன்று வாரங்களிலும் தாமாகவே தணியும். ஆன்டிபயாட்டிக் மருந்துகள் வைரஸை அழிப்பதில்லை. ஆகவே, உடல் தன்னைத் தேற்றிக்கொள்ளும்வரை தொண்டைக்கு இதம் அளிப்பதே நமக்குத் தேவை. அதனைக் கைமருந்து நன்றாகவே செய்கிறது. ஆனால், இருமலின் காரணத்தைக் கண்டறிய அதனால் இயலாது.

செய்முறை (பெரியவர்களுக்கு)

5 மிளகையும் ஒரு சிறு துண்டு சுக்கையும் ஒன்றிரண்டாகத் தட்டி, 10 துளசி இலைகளுடன் இரண்டு டம்ளர் நீரில் இடுங்கள். சிறுதீயில் ஒரு டம்ளராக வற்றும்வரை காய்ச்சி வடிகட்டுங்கள். காலையும் மாலையும் அரை டம்ளர் வெதுவெதுப்பாகப் பருகலாம். விரும்பினால் ஒரு தேக்கரண்டி தேன் சேர்க்கலாம். அன்றன்று புதிதாகக் காய்ச்சுவதே நன்று. தொண்டைவலிக்கு, ஒரு டம்ளர் வெந்நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்துக் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

* ஒரு வயது நிறைவடையாத குழந்தைக்குத் தேன் கூடாது; சேனை வைப்பதற்காக நாவில் தடவுவதும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய போட்டுலினம் நுண்ணுயிரியின் வித்துகள் குழந்தையின் குடலில் வளர்ந்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். காய்ச்சினாலும் அவ்வித்துகள் அழிவதில்லை.
* அதிமதுரத்தைத் தொடர்ந்து உண்டால் இரத்த அழுத்தம் உயரும், பொட்டாசியம் குறையும். இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் ஆகியவற்றில் கோளாறு உள்ளோர் அதனைத் தவிர்க்க வேண்டும்.
* ஆடாதோடை கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடியது, கர்ப்பிணிகளுக்கு ஏற்றதன்று.
* தேனும் பனங்கற்கண்டும் சர்க்கரையே என்பதை நீரிழிவு நோயாளிகள் மறத்தலாகாது.
* சிறுவர்களுக்குக் கொதிநீர்ப் பாத்திரத்தில் ஆவி பிடிக்கச் செய்யாதீர்கள். நீர் கவிழ்ந்து கடுமையான தீப்புண் ஏற்படக்கூடும்.

மருத்துவரிடம் வரவேண்டிய வேளை

சளியில் இரத்தம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி ஆகியவை தோன்றினால் உடனே வாருங்கள். இருமல் இரண்டு வாரங்களைக் கடந்தாலோ, மாலைநேரக் காய்ச்சலும் எடைக்குறைவும் சேர்ந்தாலோ காசநோய்க்கான சளிப் பரிசோதனை தேவை. அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். கசாயத்தால் இருமல் சற்றுத் தணிந்திருப்பது இப்பரிசோதனையைத் தள்ளிப்போடக் காரணமாகாது.

குழந்தைக்குக் கடுங்காய்ச்சலுடன் தொண்டைவலியும் கழுத்தில் நெறிக்கட்டியும் இருந்தால் அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா தொற்றாக இருக்கலாம். அதற்கு ஆன்டிபயாட்டிக் அவசியம். கவனியாது விட்டால் சிலருக்கு வாதக்காய்ச்சல் தோன்றி இதய வால்வுகள் பழுதாகும்.

இரத்த அழுத்தத்திற்கு எனலாப்ரில், ராமிப்ரில் உட்கொள்வோருக்கு அம்மருந்துகளாலேயே வறட்டு இருமல் வரலாம். தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கூறினால் மாற்று மருந்து கிடைக்கும்.

சிகிச்சைக்கு வரும்போது, என்ன கைமருந்தை எத்தனை நாட்கள் உட்கொண்டீர்கள் என்பதையும் தயங்காமல் சொல்லுங்கள். உரிய மருந்தைத் தேர்ந்தெடுக்க அத்தகவல் எங்களுக்கு உதவும்.